படமலருக்கு உகந்த கடதாசி

இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களுள் ஒருசாரார், நடுவிலுள்ள படப்பக்கங்களைப் புரட்டியதும் புருவத்தை நெரிப்பர் என்பதை நாம் அறிவோம். "பொன்விழா மலர் என்றால் படங்கள் கண்ணாடிபோற் பளபளக்க வேண்டாவா? மலர்க்குழுவினர் காசுக்குக் கணக்குப் பார்த்துவிட்டனர் போலும்" என்று அவர்கள் எண்ணுதல் இயல்பே. காசுக்குக் கணக்குப் பார்த்தது மெய். ஆயினும், அப்பக்கங்கள் மினுங்காமைக்குக் காரணம் காசன்று. அக்காரணத்தை விளக்குதற்பொருட்டும், இனி மலர் வெளியிடும் கல்லூரியாரும் தத்தம் குடும்பப் படங்களைத் தொகுத்து நூலாக்க விழையும் இல்லத்தாரும் கடதாசி தெரியுங்கால் நோக்க வேண்டுவன இவையென எடுத்துரைத்தற்பொருட்டும் இக்கட்டுரை வரையப்படுகின்றது. தமிழாசிரியனுக்குக் கடதாசிக் கடையில் யாது பணி என்று வினவுவார்க்கு ஒரு சொல்: மலர்க்குழு எனக்கு முதலில் ஒப்படைத்தது எழுத்துப்பிழை திருத்தும் வேலையே. அதிலிருந்து கடதாசிக்கு என்னை இழுத்துச் சென்றது ஒரு பெண்மணியின் வருகை.

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில், தென்மேற் பருவக்காற்று மலைமீது ஏறி நான்கைந்து நாட்களாக மழை ஓயாதிருந்த ஒரு முற்பகலில், அவர் நம் நூலகத்துக்கு வந்தார். குடையை வாயிலிற் சாத்திவிட்டு, "சேர், எங்க அப்பா இந்தக் கல்லூரியிலதான் படிச்சவர். வெள்ளிவிழா மலர்ல உதைபந்தாட்டக் குழுப் படத்துல, ரெண்டாவது வரிசையில நிக்கிறாராம். அத ஒரு தரம் பார்க்கணும்" என்றார். அவர் தொட்டிற் குழந்தையாயிருந்த காலத்தே தந்தையார் இறந்துபட்டார். வீட்டில் இருந்த படங்கள் யாவும், பின்னர் லயத்தில் மூண்ட தீயில் வெந்து போயின. தந்தையின் முகத்தை அவர் கண்டதே இல்லை.

அலுமாரியில் வெள்ளிவிழா மலரின் பிரதிகள் மூன்று இருந்தன. அவற்றை எடுத்தபோதுதான் அதன் பின்புறச் சுவர் வழியே கூரைநீர் பல காலமாகக் கசிந்து வந்தமை தெரிந்தது. கட்டுரைகள் அச்சிடப்பெற்ற சாதாரணக் கடதாசிப் பக்கங்கள் அலையலையாய் நெளிந்து, பழுப்புக் கறை படிந்திருந்தன. ஆயினும் எழுத்தெல்லாம் படிக்கக் கிடந்தது. மிகுந்த பொருட்செலவில், உயர்ந்த மினுக்குக் கடதாசியில், தனியே அச்சிட்டுச் சேர்த்த படப்பக்கங்களோ எட்டுத் தாளும் ஒன்றாயிறுகி, ஒரு மட்டைபோல் ஆகியிருந்தன. மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரித்துப் பார்த்தோம். இளைஞர் முகங்கள் ஒரு பக்கத்திலிருந்து உரிந்து மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டிலும் இல்லாமற் போயின. படத்தின் அடியில் இருந்த பெயர் வரிசை மட்டும் பாதி தப்பியிருந்தது. அப்பெண்மணி விரல் வைத்துத் தேடித் தந்தையின் பெயரைக் கண்டார். "பேர் இருக்குது சேர், முகந்தான் இல்ல" என்றார். மற்றை இரு பிரதிகளின் நிலையும் அதுவே.

அம்மலரை அச்சிட்டவர்கள் மீதோ, வெளியிட்ட அந்நாளைக் குழுவினர் மீதோ குறை கூறுவதற்கில்லை. அவர்கள் தம்மால் இயன்ற உயர்ந்த கடதாசியையே வாங்கினர். அழகுக்கு எது சிறந்ததென்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அதுவே சரியான விடை. கேளாமல் விட்ட கேள்வி ஒன்றுண்டு: மழையும் மூடுபனியும் விடாத இம்மலைநாட்டில் எது நிலைக்கும்?

கடைக்காரர் ஆர்ட் கடதாசி என்று வழங்குவது எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை அறிந்தால் நடந்தது விளங்கும். சாதாரணத் தாளை உருப்பெருக்கியால் நோக்கின், நார்கள் ஒன்றன்மேலொன்று குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும் மேடுபள்ளமான பரப்பொன்று தோன்றும். அச்சுமை அப்பள்ளங்களில் இறங்கிப் பரவும். படம் கூர்மை குன்றும். இதனை நீக்குதற்கு, வெண்களிமண்ணையும் கல்சியங் காபனேற்றுத் தூளையும் ஒரு பசையோடு குழைத்து, மண்தரையைச் சாணத்தால் மெழுகுதல்போலத் தாளின் இருபுறமும் மெழுகி, உருளைகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றுவர். மெருகை முற்றக் கொடுத்தால் மினுக்கு ஆர்ட். குறையக் கொடுத்தால் மற் ஆர்ட். பசையாக முன்னாளிற் பாலிலிருந்து எடுத்த கேசீனும் மாப்பசையும் உதவின. இந்நாளிற் செயற்கை லேட்டெக்சு பெரிதும் வழங்குகின்றது. எதுவாயினும் நீரூறினால் அம்மெழுக்கு நெகிழும். நூலில் இருபக்கங்கள் முகத்தோடு முகம் அழுந்திக் கிடக்கையில் நெகிழ்ந்த மெழுக்குகள் இரண்டும் ஒன்றாகி, உலரும்போது இறுகிவிடுகின்றன. அச்சுமை நிற்பது அம்மெழுக்கின் மேலேயாதலின், பிரிக்கும்போது முகமும் உடன் உரிகின்றது. மெழுகாத கடதாசியில் மை நாரிலேயே ஊறி நிற்றலால், நனைந்தாலும் தாள்கள் பெரும்பாலும் தனித்தனியே பிரிந்துவிடும்.

மினுக்கு ஆர்ட்டு ஆகாது, மற் ஆர்ட்டு ஆகும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. மற் என்பது ஒளியைக் குறைத்துக் காட்டுமேயன்றி மெழுக்கை நீக்குவதன்று. ஆர்ட் கடதாசி நூலொன்று நனைந்துவிட்டதாயின், நூற்பாதுகாப்புக் கலையில் வல்லோர் அதனை உலரவிடாமல் உடனே உறையவைத்துப் பின்னர் பனிக்கட்டியை நீராக்காமலே ஆவியாக்கும் பொறியிலிட்டு உலர்த்துவர். அட்டன் பட்டணத்தில் அப்பொறிக்கு எங்கே போவது? மீன்கடைக் குளிர்ப்பெட்டியில் இடங் கேட்கலாம். வேடிக்கையன்று, நல்ல பொலித்தீன் உறையிலிட்டு உறையவைத்தாற் காலம் வாய்க்கும் வரை கேடு மேலும் பெருகாது. ஆனால் நூல் நனைந்ததே தெரியாமல் அலுமாரிக்குள் மாதக்கணக்காய்க் கிடப்பதே நம்மிடத்து வழக்கம்.

நம் பகுதியினர்க்கு இவ்வுண்மையைத் தேயிலை கொண்டு விளக்குதல் எளிது. ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, அடுப்பிலிட்டு எடுக்குங்கால் தூளில் நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் எஞ்சும். அதன்பின் ஈரம் ஏறினால் மணமும் குணமும் கெடுமென்றே அக்காலத்தில் ஈயத்தகடும், பின்னர் அலுமினியத் தகடும் உள்ளிட்ட மரப்பெட்டிகளில் அடைத்தார்கள். இந்நாளில் அலுமினியப் படலம் உள்ளொட்டிய பலமடிக் கடதாசிச் சாக்குகளில் அடைக்கின்றனர். கடதாசியும் தேயிலையைப் போலச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பண்டமே. அதில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு ஈரம் இருத்தல் தகும். முற்றவும் உலர்ந்தால் நொறுங்கும். மிஞ்சினால் வீங்கி நெளியும். காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் தலைகாட்டும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலேயுள்ள நுவரெலியாவிலும், அட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களிலும் அந்த அறுபத்தைந்தின் கீழே காற்று இறங்கும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். தேயிலையை அத்துணைக் கவனத்தோடு பொதிந்து அனுப்பிய ஊர், தன் முகங்களை மட்டும் திறந்த அலுமாரியில் வைத்திருந்தது.

படநூலுக்குக் கடதாசி தெரியும் இக்கவலை புதிதுமன்று. நம் ஊருக்குத் தூரமானதுமன்று. அட்டனிலிருந்து நோர்வூட் வழியே பொகவந்தலாவைக்குச் சென்றால் அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் ஓர் அம்மையாரின் கல்லறையைக் காணலாம். அவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவிற் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதிற் படப்பெட்டியை முதன்முதற் கையிலெடுத்து, உலகம் போற்றும் நிழற்படக் கலைஞராய் விளங்கி, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரி 26ஆந் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயார்ன் தோட்டத்தில் உயிர்நீத்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், வரலாற்றுப் பாடத்தில் மாணவர் மனனஞ் செய்யும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்து அதே கமரன்.

அம்மையாரின் வாழ்விலே படநூல் பற்றிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆங்கிலக் கவிஞர் டெனிசன் தம் காவியப் பதிப்பொன்றுக்கு அவரிடம் படங்கள் வேண்டினார். அவர் பெரும்பாடுபட்டு எடுத்த படங்கள், அப்பதிப்பிலே சிறிய மரச்செதுக்குகளாகச் சுருங்கி வெளிவந்தன. நிழற்படத்தை எழுத்தோடு ஒரே பொறியில் அச்சிடும் புள்ளிமுறை அந்நாளில் வழக்கில் வரவில்லை. மனம் பொறாத அம்மையார், உண்மையான நிழற்படங்களையே முழு அளவிற் படியெடுத்துத் தாள்தோறும் ஒட்டித் தமது செலவில் தனிநூலாக 1874ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். அக்காலத்துப் படக்கடதாசி முட்டை வெண்கருவைப் பூசியது. அது நாளடைவில் மஞ்சளித்து மங்குவது. அதை உணர்ந்தே, இலங்கைக்குப் புறப்பட்ட ஆண்டில், ஏறத்தாழ எழுபது படங்களை லண்டன் ஓட்டோரைப் கம்பனியார் மூலம் கரித்தூள் முறையிற் படியெடுப்பித்தார். கரி ஒளிபட்டு வெளுப்பதில்லை. அப்படிகள் நூற்றைம்பது ஆண்டின் பின்னும் கருமை குன்றாதிருக்கின்றன. படத்தை எடுத்தவரே அது எதன்மேல் நிற்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தார் என்பதை இங்கே குறிக்கவே இவ்வளவும் சொல்ல நேர்ந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மையார் இலங்கையிலும் தோட்டங்களிலும் எடுத்த படங்களில் நம் மூதாதையர் போன்றார் பலர் இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலார்க்குப் பெயரில்லை. 1907இல் லண்டனில் வெளிவந்த, ஆர்னல்ட் றைட் பதிப்பித்த, 'இருபதாம் நூற்றாண்டின் இலங்கைப் பதிவுகள்' என்ற பெருநூலிலும் துரைமாரின் பெயர்கள் பங்களாக்களோடு விரிவாகக் கிடைக்கும். கொழுந்தெடுப்போர் வெறும் காட்சியாகவே நிற்பர். அவர்களுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. நம் வெள்ளிவிழா மலரில் அதன் மறுதலை நேர்ந்துவிட்டது.

இனி, மெழுகாத கடதாசியில் முகம் தெளிவாய் விழுமா என்ற கேள்வி. இங்கேதான் குழுவில் வாதம் முற்றியது; அதனால் இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

அச்சிட்ட படம் உண்மையிற் சிறுசிறு புள்ளிகளின் கூட்டம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை வரிசைப் புள்ளி என்பதே அதன் நுண்மை. செய்தித்தாளில் எண்பத்தைந்து வரிசை. மெழுகாத நல்ல கடதாசியில் நூற்றுமுப்பத்துமூன்று வரை. ஆர்ட் கடதாசியில் நூற்றைம்பதும் அதற்கு மேலும் தாங்கும். ஒரு குழுப்படத்தை ஏ4 பக்கத்தின் அகலத்தில் இடுவோமாயின், ஓரங்களை விட்டுப் பதினெட்டுச் சென்ரிமீற்றர் கிடைக்கும். வரிசைக்குப் பன்னிருவர் நின்றால் ஒருவர்க்குப் பதினைந்து மில்லிமீற்றர். அதில் முகம் ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர். அந்த ஆறு மில்லிமீற்றருக்குள் செய்தித்தாளில் இருபது புள்ளியும், மெழுகாத கடதாசியில் முப்பத்தொன்றும், ஆர்ட்டில் முப்பத்தைந்தும் அடங்கும். முப்பத்தொன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள வேறுபாட்டுக்காகவா நாம் இத்தனை வாதாடினோம்! படத்தைப் பக்கத்தில் நெடுக்காகத் திருப்பி இருபத்தாறு சென்ரிமீற்றருக்குப் பெருக்கினால், அதே கடதாசியில் முகத்துக்கு நாற்பத்தைந்து புள்ளி கிடைக்கின்றது. ஆகவே முகம் தெளிய வேண்டுமாயிற் கடதாசியை மினுக்குவதிலும் படத்தைப் பெரிதாக்குவதே பயன் தரும். ஒரு பக்கத்தில் நான்கு குழுப்படங்களைத் திணித்துவிட்டு ஆர்ட் கடதாசிக்குப் பணங் கொடுத்தல், சட்டியில் ஓட்டையை வைத்துக்கொண்டு நெய்யை உயர்ந்ததாக வாங்குதல் போலும்.

வேறொரு குறை உண்டு, அது மெய்யான குறை. மெழுகாத கடதாசியில் ஒவ்வொரு புள்ளியும் ஊறிச் சிறிது பெருகும். அதனால் நிழலான இடங்கள் இருண்டு அடைத்துப்போகும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கருநிறத்தினர். உடுத்திருப்பதோ வெள்ளைச் சீருடை. அச்சகத்தார் வெள்ளையை நோக்கிப் படத்தைச் செப்பனிட்டால் சட்டை அழகாய் வர, முகங்களெல்லாம் கரித்துண்டுகளாகிவிடும். எத்தனை பாடசாலை மலர்களில் இதனைக் கண்டிருக்கின்றோம்! ஆகையால் அச்சுக்குக் கொடுக்குமுன், கணினியில் படத்தைச் சீர்செய்பவர் அருகில் அமர்ந்து, முகத்தின் நடுநிறத்தை வேண்டிய அளவு வெளுப்பாக்கிக் கேட்டு வாங்குதல் வேண்டும். திரையிற் பார்க்க அது சற்று வெளிறியே தோன்றும். தாளில் இறங்கியதும் சரியாகும். இந்த வேலைக்கு ஒரு மாதிரித்தாள் அச்சிட்டுப் பார்க்கும் செலவைக் குறைக்கக் கூடாது.

நிற்க. கடதாசியின் உள்ளீட்டையும் நோக்க வேண்டும். மரத்தை அப்படியே அரைத்து ஆக்கும் செய்தித்தாட் கடதாசியில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுகின்றது. வெளிச்சமும் காற்றும் பட அது பழுப்பாகும். இரசாயன முறையில் லிக்னினைக் களைந்த கூழிலிருந்து வருவதே அச்சுக் கடைகளில் வெள்ளைப் பாங்க், ஓப்செற் என்று வழங்குவன. இவற்றிலும் பழையனவற்றுக்கு ஒரு நோயுண்டு. 1807இல் ஜெர்மனியைச் சேர்ந்த இல்லிக் என்பார் கண்ட முறைப்படி, மை ஊறாமைக்குப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அப்படிகாரத்தின் அமிலம் நாரைத் தின்று தாளை நொறுங்கச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த நூல்கள் பல கைபட்டால் உதிர்வது அதனாலேயே. எண்பதுகளுக்குப் பின் கல்சியங் காபனேற்றுச் சேர்த்த காரத்தன்மைக் கடதாசி பெருவழக்காயிற்று. நெடுநாள் நிற்கும் கடதாசிக்கு 1994ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 9706 என்ற தரவிதி உண்டு. காரத்தன்மை, அமிலத்தை முறிக்கும் கல்சியங் காபனேற்று நூற்றுக்கு இரண்டு பங்கேனும், கிழியாமை, எளிதில் ஒட்சியேறும் லிக்னின் போல்வன மிகாமை என நான்கையும் அது கேட்கின்றது. கட்டின் மேலுறையில் அவ்விலக்கம் இருந்தாற் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம் கடைகளில் அது அருமையாகவே அகப்படும்.

ஓரியல்பான ஐயம்: நம் நாட்டுக் கடதாசி இல்லையா? ஐம்பதுகளின் நடுவில் எழுந்த வாழைச்சேனை ஆலை வைக்கோலைக் கூழாக்கியே கடதாசி செய்தது. மூத்த மாணவர் பலர் அப்பியாசக் கொப்பிகளில் அதன்மேல் எழுதியவர்களே. வைக்கோல் நார் குறுகியது. எழுத நன்று, படத்துக்கு ஆகாது. படக் கடதாசிக்கு நாம் என்றும் கப்பலையே பார்த்திருந்தோம். 2022இல் அந்நியச் செலாவணி அற்றுப்போனபோது அதன் விளைவை அனைவரும் கண்டோம். மேல் மாகாணத்திற் பாடசாலைப் பரீட்சைகள் கடதாசியின்றித் தள்ளிவைக்கப்பட்டன. நாளிதழ்களுட் சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்ற காலத்தும், நினைவு மலர் வெளியிட எண்ணியோர்க்குக் கடதாசி விலை கண்ணை உறுத்திற்று.

கடைக்குச் செல்வோர் கையோடு கொண்டுபோகத்தக்க சோதனைகள் சில உண்டு. பொறி ஒன்றும் வேண்டா.

முதலாவது நிறை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் நிறை. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஆகவே பதினாறு தாளைத் தராசிலிட்டால் வரும் கிராமே அதன் ஜி.எஸ்.எம். நூறு என்று விற்றது தொண்ணூறாய் இருப்பதை நானே கண்டேன். கடைக்காரரும் உடன் கண்டார். நிறை மிக்கது தடிப்பானது என்றும் எண்ண வேண்டா. ஆர்ட்டில் மண்ணே பாதியாகையால், நூற்றைம்பது கிராம் மினுக்குத் தாளும் நூறு கிராம் ஓப்செற்றும் தடிப்பில் ஏறக்குறைய ஒன்றே. நிறை தபாற் செலவிலும் தெரியும். நூற்றிருபது பக்க மலருக்கு அறுபது தாள்: எண்பது கிராமில் முந்நூறு கிராம், நூற்றைம்பதில் ஐந்நூற்று அறுபதைத் தாண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர்க்கு அனுப்பிய பொருளாளரைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்.

அடுத்தது ஊடுருவல். தடித்த கறுப்பு எழுத்துள்ள ஏட்டின்மேல் தாளை விரித்தால் அவ்வெழுத்து எட்டிப் பார்க்கலாகாது. இருபுறமும் படம் வருமாயின் நூற்றிருபது கிராமுக்குக் குறைந்தது பயன்படாது.

நாரோட்டத்தைப் பார்க்க மறத்தலே பெரும்பாலார் செய்யும் பிழை. கடதாசி ஆக்கும் பொறியில் நார்கள் ஓடும் திசையில் நெடுக நிற்கின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் நீளாது, குறுக்கே வீங்கும். தாளின் ஒருபுறத்தை இலேசாக நனைத்தால் அது சுருண்டு குழாயாகும். குழாயின் நெடுக்கே நாரோட்டம். அவ்வோட்டம் நூலின் முதுகுக்கு இணையாக இருத்தல் வேண்டும். குறுக்கே அமைந்த நூல் நம் குளிரிலே ஓரங்கள் அலையெழுந்து, விரித்தாற் படியாமல் எதிர்த்து நிற்கும். வெட்டிய பின் இதனைத் திருத்த இயலாது. ஆகவே அச்சகத்தாரிடம் முன்னரே எழுத்திற் கேட்டுக்கொள்க.

பிறகு வெயில். ஒரு துண்டின் பாதியை நாணயத்தால் மூடிப் பத்து நாள் யன்னலோரம் வைத்தால் மஞ்சளிக்கும் கடதாசி தானே ஒப்புக்கொள்ளும். மாசியிலோ பங்குனியிலோ செய்யின் நன்று. ஆடியில் நம் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? கண்ணைப் பறிக்கும் நீலவெண்மையையும் நம்ப வேண்டா. அது ஒளியூட்டும் சாயத்தினால் வருவது. நாளடைவில் அச்சாயம் வலியிழக்கத் தாளின் உண்மை நிறம் வெளிப்படும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இலேசான பால்நிறத் தாளே இயைவது.

இறுதிச் சோதனையை, அப்பெண்மணி வந்துபோன கிழமையில் உயர்தர வகுப்பு மாணவரோடு செய்து பார்த்தேன். மூவகைத் தாளிலும் ஒரே படத்தை அச்சிட்டு, இரண்டிரண்டாய் முகத்தோடு முகம் வைத்து நனைத்து, அகராதியொன்றைப் பாரமேற்றி நான்கு நாள் உலர விட்டோம். அகராதிக்குப் பொலித்தீன் உறையிட்டோம் என்பதை நூலகர் அறியக் கூறுகின்றேன். மினுக்கு ஆர்ட்டு ஒட்டிற்று. மற் ஆர்ட்டும் ஒட்டிற்று. நூற்றிருபது கிராம் ஓப்செற் தாள் நெளிந்து அழகிழந்ததாயினும் கைப்பட்ட மாத்திரத்திற் பிரிந்தது. முகங்கள் அவ்வவற்றின் இடத்தே இருந்தன. அத்தாள்களை அப்படியே குழுக்கூட்ட மேசையில் வைத்தேன். வாதம் அன்றோடு முடிந்தது. வண்ணப்படம் மங்கும் என்ற மனக்குறை மட்டும் இருவரிடம் எஞ்சிற்று. அவர்கள் சொல்வது மெய்யே. மாலைச் செவ்வானத்தோடு எடுத்த கல்லூரி முகப்புப் படத்தின் ஒளி மெழுகாத தாளில் ஒரு படி இறங்கிவிட்டது. அதற்காக அந்த ஒரு படத்தை மட்டும் அட்டையில் இட்டோம்.

கட்டுதலைப் பற்றி இரண்டு சொல். கம்பித் தையல் நம் ஈரத்தில் துருவேறி முதுகிலிருந்து பழுப்பாய் இறங்கும். சூட்டுப் பசையால் மட்டும் ஒட்டிய முதுகிலிருந்து, ஆர்ட் தாள் சில ஆண்டிலே கழன்று விழும். பசை பற்ற அதில் நார் வெளியே இல்லை. நூலினால் மடிமடியாகத் தைப்பதே தக்கது. அட்டைக்கு மேற்புறம் மட்டும் பிளாத்திக்குப் படலம் ஒட்டினால், உட்புறம் ஈரம் குடித்து வெளிநோக்கி வளையும். படலம் ஒட்டாமல் விடுவதும் இயலாது, கைபட்டு அழுக்காகும். நாரோட்டத்தைச் சரிபார்த்து, தடித்த மட்டையாக வாங்குதலே ஓரளவு பரிகாரம்.

இல்லத்தார்க்கும் ஒரு குறிப்பு. திருமணப் படங்களை நூலாக ஒரேயொரு பிரதி அச்சிட்டுத் தருவோர் இப்போது சிற்றூர்களிலும் உளர். அவை மூவகை. மெய்யான நிழற்படக் கடதாசியைத் தடித்த மட்டையில் ஒட்டியது ஒன்று. தூள்மையாற் கணினி அச்சுச் செய்தது ஒன்று. மையைத் தெளித்து அச்சிட்டது ஒன்று. மூன்றாவதில் சாயமையா நிறத்தூள் மையா எனக் கேளுங்கள். சாயமை நீர் பட்டதும் ஓடும். தூள்மை ஓடாது, ஆயின் மடிப்பிலே வெடிக்கும். நிழற்படக் கடதாசியின் மேற்பரப்பு ஜெலற்றின். அதுவும் நனைந்தால் ஒட்டும். அம்மாதிரி நூலை வாங்கினால் பக்கங்களுக்கிடையே மெல்லிய அமிலமற்ற தாளை இட்டு வைத்தல் நன்று. பழைய ஒட்டு அல்பங்களில், மேலே பிளாத்திக்கு மூடிய வகையிலுள்ள படங்களை, இயன்றால் வறண்ட நாளொன்றில் வெளியே எடுத்துவிடுங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் இழுக்க வேண்டா. கண்ணாடியோடு வைத்தே படம் பிடித்துக்கொள்க.

நம் பகுதியிலே இதனை வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், ஒரே லயத்தில் வாழ்ந்தோர் கடலுக்கு இரு மருங்கிலும் பிரிந்தனர். பிரியுமுன் ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம் ஒன்றுதான் பல குடும்பங்களுக்கு மிஞ்சிய பத்திரம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு அவற்றுள் இருந்தனவும் மண்ணுள் மறைந்தன. வீட்டிலே ஒரு பிரதி, வேறோர் ஊரிலே ஒரு பிரதி என்றிருப்பின், ஒன்று போனாலும் மற்றது கிடைக்கும். கல்லூரி மலர் அத்தகைய மற்றைப் பிரதியாகப் பலர்க்கு அமையக்கூடும் என்பதை வெள்ளிவிழாக் காலத்தில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

இம்மலரின் படப்பக்கங்கள் நூற்றிருபது கிராம் மெழுகாத, இலேசான பால்நிறக் கடதாசியில், நாரோட்டம் முதுகுக்கு இணையாக, நூலினால் தைக்கப்பெற்றவை. ஒவ்வொரு குழுப்படமும் நெடுக்காகத் திருப்பி ஒரு முழுப் பக்கத்தில் இடப்பட்டுள்ளது. அதனாற் சில படங்களை விட நேர்ந்தமைக்குப் பொறுத்தருள்க. பெயர்கள் படத்தின் அடியில் மட்டுமன்றி இறுதியிலுள்ள அட்டவணையிலும் தரப்பட்டுள்ளன. ஐந்து பிரதிகள் தனியே உறையிடப்பெற்று, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில், தரையிலிருந்து உயர்ந்த தட்டில் வைக்கப்படும். மேலும் இரண்டு வேறு ஊர்களிலுள்ள நூலகங்களுக்கு அனுப்பப்படும்.

வெள்ளிவிழா ஆண்டின் உதைபந்தாட்டக் குழுப் படத்துக்குரிய பக்கம் இம்மலரில் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. அதன் மூலப்படமோ, நனையாத வெள்ளிவிழா மலரோ எவரிடமேனும் இருக்குமாயின், நூலகப் பொறுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். படத்தை அனுப்ப வேண்டா. நாங்களே வந்து, உங்கள் வீட்டு மேசையில் வைத்தே படியெடுத்துக்கொள்வோம். அது கிடைத்ததும் இதே கடதாசியில் தனித்தாளாக அச்சிட்டு, மலர் பெற்ற அனைவர்க்கும் அனுப்புவோம். முதற்றாள் யாருக்கு என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.